பெரட்டுக் களத்தில் ஷிபலெத்

கணினிக்காரர்கள் அண்மையில் பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் வந்து நிற்பவரின் பேரைக் கேட்காதே. அவர் என்ன வகை ஆள், எந்த இடத்தைச் சேர்ந்தவர், என்ன வேலையாக வந்தார், இப்போது மணி என்ன என்ற நாலு சங்கதியைப் பார். கையிலுள்ள விதியோடு ஒப்பிடு. பொருந்தினால் உள்ளே விடு, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பு. இதற்குப் பண்புக்கூறு வழி அனுமதி என்று பேர் வைத்தார்கள். அமெரிக்கத் தர நிறுவனம் 2014 ஜனவரியில் இதற்கென்றே ஒரு கையேடும் வெளியிட்டது.

கையேட்டை எழுதிய பெரியவர்களை ஒருநாள் விடிகாலையில் பசறைப் பக்கம் ஏதாவதொரு தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குக் கூட்டிவந்திருந்தால் பாதிப் பக்கம் மிச்சமாகியிருக்கும். எந்த லயம், எந்தக் கங்காணியின் ஆள், எந்த மலைக்கு, கொழுந்து பறிக்கவா கவ்வாத்து வெட்டவா, தப்பு அடிக்குமுன் வந்தாயா அடித்தபின் வந்தாயா. அவ்வளவுதான் கேள்வி. நூற்றைம்பது வருஷமாக நாங்கள் பண்புக்கூறுகளாகவே வாழ்ந்து பழகியவர்கள். அதற்கு இங்கிலீஷில் பேர் வைக்காமல் விட்டதுதான் எங்கள் தப்பு.

ஆகவே எங்கள் ஊவா மலைநாட்டின் கதையை ஒருமுறை கணினிப் பாஷையில் சொல்லிப்பார்க்கலாம். சரித்திரப் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். கணினிப் பேராசிரியர்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மன்னிக்க வேண்டும்.

ஆதியிலே மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் இருந்தார். பதுளையில் அரசாங்க அதிபர் வேலையையும் பார்த்தார், மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார், பட்டாளத்துக்காரராகவும் இருந்தார். பிடிப்பது, விசாரிப்பது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் ஒரே மீசைக்குக் கீழே. இப்படிச் சகல அதிகாரமும் குவிந்த கணக்கைக் கணினிக்காரர்கள் ‘ரூட்’ என்பார்கள். அதை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ரொஜர்ஸ் அன்றாடம் பயன்படுத்தினார். மிஞ்சிய நேரத்தில் யானை சுட்டார். 1,400 யானைக்கு மேல் என்பது ஊவாவில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. யானைகளிடம் அவர் எந்தப் பண்புக்கூறையும் விசாரித்ததாகத் தெரியவில்லை. 1845இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து அவருடைய அனுமதி ரத்தானது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. நுவரெலியாவில் அடக்கம் செய்த பிறகு கல்லறை மேலும் மின்னல் விழுந்தது என்பார்கள். யானைகளின் வக்கீல் லேசில் விடுகிற ஆள் இல்லை போலிருக்கிறது. பதுளையில் அவர் நினைவாகக் கட்டிய புனித மாற்கு தேவாலயம் இன்றும் நிற்கிறது.

கோப்பி வந்தது. 1869இல் இலைத்துரு நோய் வந்தது, கோப்பி போனது. தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டனும் வந்து அப்புத்தளைப் பக்கம் டம்பேத்தன்ன தோட்டத்தை வாங்கினார். மலை இருக்கிறது, செடி இருக்கிறது, ஆள் இல்லை. ஆள் இருக்கும் இடம் கடலுக்கு அந்தப் பக்கம். துரைக்குத் திருச்சியில் ஒருத்தரையும் தெரியாது. துறையூர் ஆளுக்கு ஊவா எந்தத் திசையில் என்று தெரியாது. இரண்டு பேரையும் தெரிந்தவர் ஒரே ஒருவர், தலைப்பாகையும் கோட்டும் போட்டு ஆள் சேர்க்கும் பெரிய கங்காணி.

கூட்டு அடையாளம் என்று இன்று ஆராய்ச்சி உலகம் கொண்டாடுவது இந்த ஏற்பாட்டைத்தான். ஒரு பல்கலைக்கழகத்து ஆள் இன்னொரு நாட்டுக் கணினியில் வேலை செய்யப் போகிறார். அந்தக் கணினிக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரியும். ‘இவர் எங்கள் ஆள்தான், மாணவர்தான்’ என்று அது சொன்னால் போதும், கதவு திறக்கும். எங்கள் கதையில் ‘எங்கள் ஆள்தான்’ என்று சொன்னவர் கங்காணி, கதவைத் திறந்தவர் துரை. ஒரு வித்தியாசம் உண்டு. பல்கலைக்கழகம் அப்படிச் சொல்வதற்குத் தலைக்காசு வாங்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தொழில்நுட்பமும் சேர்ந்தது. தகர டிக்கட். சின்ன உலோக வில்லை. அதிலே மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். தோட்டத்திலிருந்து வில்லைகளை வாங்கிக்கொண்டு கங்காணி ஊருக்குப் போவார். சேர்த்த ஆட்கள் கழுத்தில் கயிறு போட்டு மாட்டுவார். அதற்குப் பிறகு முகாமிலும் ரயிலிலும் கப்பலிலும் யாரும் ஆளோடு பேச வேண்டிய அவசியமே இல்லை. வில்லையைத் திருப்பிப் பார்த்தால் ஆள் எங்கே போக வேண்டும், செலவை யார் தலையில் எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்று கூட்டு அடையாளக்காரர்கள் மெச்சிக்கொள்ளும் அம்சம் ஒன்று: போகிற இடத்துக்கு ஆளின் பேரைக் கொடுக்காமல், அர்த்தமில்லாத ஓர் எண்ணை மட்டும் கொடுப்பது. தனியுரிமைக்குப் பாதுகாப்பாம். தகர டிக்கட்டில் பேரே கிடையாது. எங்கள் பூட்டன்மார் அனுபவித்த தனியுரிமை இன்று எந்த விஞ்ஞானிக்கும் இல்லை.

வலையமைப்பு வாசலில் மூன்று வேலை நடக்கும் என்பார்கள்: ஆள் யாரென்று பார்ப்பது, என்ன செய்யலாமென்று முடிவு செய்வது, கணக்கு எழுதுவது. முதல் இரண்டையும் தோட்டக் கும்பனி அரைகுறையாகத்தான் செய்தது. மூன்றாவதில் அதை அடிக்க ஆளில்லை. டிக்கட் செலவு, சோற்றுச் செலவு, கம்பளிச் செலவு எல்லாம் தோட்டத்தின் பேரில் ஏறி, அங்கிருந்து கங்காணி பேரில் இறங்கி, அங்கிருந்து வில்லை மாட்டிய கழுத்தில் வந்து உட்கார்ந்தது. ஊவாவில் இறங்குகிற நாளிலேயே கடன்காரன்.

கடன் என்றதும் துண்டு ஞாபகம் வருகிறது. துண்டைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். ஒரு கங்காணியின் கூட்டம் தோட்டத்துக்குப் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவருக்கு இந்தக் கூட்டத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். ஆள் பஞ்சத்தில் இருக்கும் புதுத் துரை பழைய கடனைக் கட்டி, மேலே கொஞ்சம் முன்பணமும் கொடுப்பார். இரண்டும் சேர்ந்து அடுத்த துண்டில் பெரிய தொகையாக நிற்கும். அடுத்த வருஷம் இன்னொரு மலை, இன்னும் பெரிய தொகை. கணினியில் இதற்கு நேர்ச்சகோதரன் உண்டு. கையில் வைத்திருப்பவன் யாராக இருந்தாலும் கதவைத் திறந்துவிடும் சாவிச்சீட்டு. அதைத் தொலைத்தால் ஆபத்து, திருடினால் ஆபத்து, கால எல்லை இல்லாவிட்டால் பேராபத்து என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. துண்டுக்குக் கால எல்லை கிடையாது. சீட்டு கங்காணியின் பையில், கடன் எங்கள் கணக்கில். 1921இல் 43ஆம் இலக்கச் சட்டம் அதை ஒழித்தது. சாவிச்சீட்டு தொடர்பான பாதுகாப்புக் கோளாறு ஒன்றைச் சட்டசபை கூடித் திருத்தியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்று துணிந்து சொல்வேன். மறுக்கிறவர் ஆதாரத்தோடு வரட்டும்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை என்றில்லை. தோட்டம் துரையின் தனிச்சொத்து. வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கம் பேச வருகிறவர் உள்ளே காலே வைக்க முடியாது. ஆனால் புடவை வியாபாரி போகலாம். தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் இதைக் கவனித்தார். புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் போய் லயத்து நிலைமையைக் கண்ணால் பார்த்து வந்தார் என்பது மலையகத்தார் எல்லாருக்கும் தெரிந்த கதை. பண்புக்கூறை மட்டும் பார்த்துக் கதவு திறக்கும் காவலாளியிடம் பொய்ப் பண்புக்கூறைக் காட்டி நுழைவது. இதைப் பற்றி இப்போது மாநாடுகள் நடக்கின்றன. அய்யருக்கு ஒரு மூட்டைப் புடவை போதுமாக இருந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஏழு பேர் வந்ததும் விதியைத் திருத்த வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தோன்றியது. 1948 நவம்பர் 15ஆம் திகதி அமுலுக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கணினிப் படிப்புக்காரர் ஒருவர் படித்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தகப்பன் பிறக்கவில்லையா, அப்படியானால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். சான்றுக்கு மேல் சான்று, அதற்கு மேல் சான்று என்று ஏறிப்போய் ஒரு மூலச் சான்றில் முடியும் இந்தச் சங்கிலியை எக்ஸ்.509 என்ற பேரில் உலகம் பிறகு தரப்படுத்தியது. இணையத்தில் பூட்டுச் சின்னம் பார்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் ஓடுவது இதுதான். பூட்டுக்கும் பூட்டனுக்கும் அன்றே முடிச்சுப் போட்டவர்கள் நம் சட்ட வரைஞர்கள்.

“உன் அப்பா எங்கே பிறந்தார்?”

“லயத்துலங்கய்யா.”

“அத்தாட்சி?”

“லயம் அங்கயே இருக்குதுங்களே ஐயா, வந்து பாருங்க.”

லயத்தை அத்தாட்சியாக ஏற்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கோப்பிக் காலத்துப் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் அன்றைய அமைச்சர்களில் எத்தனை பேர் வீட்டுப் பெட்டியில் இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஏழு பேருக்கும் அடுத்த தேர்தலில் வேலை போயிற்று.

விடுபட்டவர்களுக்காக 1949இல் இன்னொரு சட்டம். இது முழுக்க முழுக்கப் பண்புக்கூறு. கலியாணம் ஆனவரா, 1946க்கு முன் 7 வருஷம் விடாமல் இங்கே வசித்திருக்க வேண்டும். ஆகாதவரா, 10 வருஷம். நடுவிலே ஒரே மூச்சாக ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் கணக்குக் கெட்டது. நியாயமான வருமானமும் காட்ட வேண்டும். தோட்டத்துச் சம்பளம் நியாயமானது என்று தொழிலாளியே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டிய நகைச்சுவை இந்தச் சட்டத்தால் கிடைத்த உபரி. முதலில் பகிஷ்கரித்த காங்கிரஸ் கடைசி நேரத்தில் மனம் மாறியது. 1951 ஆகஸ்டில் வாசல் அடைபடுவதற்குள் 2,37,000 விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு விண்ணப்பம் ஒரு குடும்பம் என்ற கணக்கில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். பத்து வருஷத்துக்கு மேல் பரிசீலித்து, ஏறத்தாழ 1,34,000 பேருக்கு ‘சரி’ என்றார்கள். மற்றவர்களுக்குக் கணினி காட்டுமே, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று ஒரு வரி, அது.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து நாடற்ற 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000ஐ என்ன செய்வதென்று தெரியாமல் மூடிவைத்து, 1974இல் எடுத்து ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூடக் கூடைக்காரியிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். இங்கே அதுவும் இல்லை. பின்னால் விண்ணப்பம் கோரியபோது இந்தியாவுக்கு எழுதியவர்கள் பங்கைவிடக் குறைவு, இலங்கைக்கு எழுதியவர்கள் பங்கைவிட மிக அதிகம். கணக்குப் போட்டவர்கள் கணக்கில் ஆட்களுக்கும் ஆசை இருக்கும் என்ற பண்புக்கூறு விடுபட்டுப் போயிற்று. பதுளையிலிருந்து ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்தவர்கள் ஒரு பக்கம். 1984இல் கப்பலே நின்றுபோக, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லயத்துக் காம்பராவிலேயே இருந்துவிட்டவர்கள் இன்னொரு பக்கம்.

இதற்கிடையில் 1972 முதல் அடையாள அட்டை வந்தது. ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்று, அந்த வருஷத்தின் எத்தனையாம் நாள். பெண் என்றால் அதோடு 500 கூட்டு. கடைசி எழுத்து ‘வீ’ என்றால் வாக்காளர், ‘எக்ஸ்’ என்றால் வாக்கில்லாதவர். ஒரே எழுத்தில் ஒரு மனிதனின் அரசியல் முடிந்தது. இவ்வளவு சிக்கனமான பண்புக்கூறை எந்தக் கணினி நிபுணரும் இன்றுவரை வடிவமைக்கவில்லை. 2016இல் பன்னிரண்டு இலக்க அட்டை வந்ததும் அந்த எழுத்து மறைந்தது. பெண்களுக்கு 500 மட்டும் தொடர்கிறது.

எழுத்துப் பொருத்தம் பாருங்கள். சான்றுச் சங்கிலித் தரம் எக்ஸ்.509 வெளிவந்தது 1988இல். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் அதே 1988இல். எங்கள் ‘எக்ஸ்’ கழலத் தொடங்கிய வருஷத்தில் உலகத்துக்கு ‘எக்ஸ்’ மாட்டினார்கள்.

அந்த எக்ஸ்.509 விஞ்ஞானிகளைப் படுத்திய பாடு கொஞ்சமா? 1990களின் இறுதியில் ஆராய்ச்சிக் கணினிகளை நாடு நாடாகக் கோத்து ‘கிரிட்’ என்று ஒரே வலையாக்கினார்கள். ஜெனீவாவில் அணுத்துகள்களை மோதவிட்டு வரும் தரவை அலச ஓர் ஊர்க் கணினி போதாது. அந்த வலைக்குள் நுழைய எக்ஸ்.509 சான்று வேண்டும். சான்று வேண்டுமானால் பதிவு அதிகாரி முன்னால் நேரில் போய் நின்று அடையாள அட்டை காட்ட வேண்டும். வருஷம் ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதை வைத்துத் தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சீட்டு எடுக்க வேண்டும்; எந்த ஆராய்ச்சிக் கூட்டம், அதில் என்ன பொறுப்பு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். முனைவர் பட்டம் பெற்றவர்கள் இதை நினைத்து அழுதார்கள். எங்கள் அப்பாயிக்கு இது புரிந்திருக்கும். செக்ரோல் என்ற தோட்டத்துப் பேர்ப்பதிவும் ஒருநாள் சீட்டுத்தான். கொழுந்து நிறை குறைந்தால் அதிலும் ‘அரைப்பேர்’. அரை மனிதருக்குத் தனிக் குறியீடு போட்ட கணினி இன்னும் வரவில்லை.

இந்தத் தொல்லை ஒரு பக்கம் இருக்க, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு 2000இல் ஒரு மென்பொருள் வேலையைத் தொடங்கியது. பேர் ஷிபலெத். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமம், 12ஆம் அதிகாரம். யோர்தான் துறையில் தோற்றோடி வந்தவர்களை நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். ‘ஷி’ வராமல் ‘சி’ என்றவர்களை வெட்டினார்கள். 42,000 பேர் என்கிறது ஆகமம். வாசலில் ஆளறியும் மென்பொருளுக்கு எவ்வளவு பொருத்தமான பேர் என்று வைத்தவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். எங்களுக்கு அதிலே சிரிப்பு வரவில்லை. 1983இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் இந்த நாட்டுத் தெருக்களில் வண்டியை மறித்து, வாளியைக் காட்டி, இது என்ன சொல்லு என்று கேட்டார்கள். சிங்களத்தில் அது ‘பால்திய’. ‘பா’வை அழுத்திச் சொல்லத் தெரியாத நாக்கு மாட்டிக்கொண்டது. 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரமும் எரிந்தது. ஆளை இந்த மண்ணுக்கு உரியவனா என்று சோதித்த அந்தச் சொல்லோ போர்த்துக்கீசியர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன சொல்.

மென்பொருள் பாவம், அது என்ன செய்யும். அது நல்ல வேலைதான் செய்கிறது. உன் பேர் வேண்டாம், நீ மாணவரா ஆசிரியரா ஊழியரா என்று மட்டும் உன் பல்கலைக்கழகம் சொன்னால் போதும் என்கிறது. அந்த வகைப் பட்டியலில் ‘நூலகத்துக்குச் சும்மா வந்தவர்’ என்றுகூட ஒரு வகை உண்டு. வழிப்போக்கனுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கிய படிவத்தை நான் முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன்.

1988க்குப் பிறகும் நாடற்றவர்களாகவே நின்றவர்களுக்காக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே இருக்கிறவரும் அவர் வழி வந்தவரும் பிரஜை. பூட்டன் வேண்டாம், சங்கிலி வேண்டாம். தோட்டம் தோட்டமாக மேசை போட்டு, பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேருக்குக் கொடுத்து முடித்தார்கள். ஐம்பத்தைந்து வருஷமாகத் தீராத கோளாறு, பத்து நாள் வேலை. கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இப்போது பதுளையில், பசறை வீதியில், 2005இல் நிறுவிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1990இல் மொறட்டுவையிலிருந்து மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கிய ‘லேர்ன்’ வலையமைப்பு இன்று நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. ‘எடுரோம்’ என்ற உலகளாவிய ஏற்பாட்டை இங்கே கொண்டுவந்ததும் அதுதான். 2002இல் நெதர்லாந்தின் கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை அது. எந்த நாட்டு வளாகத்தில் மடிக்கணினியைத் திறந்தாலும், கேள்வி பிறந்த வீட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பதில் வாங்கி வரும். கடவுச்சொல் போன இடத்துக்குத் தெரியாது. கங்காணி இல்லை, வில்லை இல்லை, கடனும் ஏறாது. லயத்திலிருந்து படித்து வந்த பிள்ளை ஜெனீவாவில் போய் ‘நான் யாருடைய ஆள்’ என்று தலை சொறிய வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் வரப் பேர் ஒத்துப்போக வேண்டும். செக்ரோலில் லெச்சுமி, பிறப்புச் சான்றிதழில் லட்சுமி, பாடசாலை இடாப்பில் லெட்சுமி. சிங்களத்தில் எழுதும்போது நாலாவதாக ஒருத்தி பிறப்பாள். ஒரே பெண்ணுக்குள் நாலு பேர் குடியிருப்பதை எந்த வலையமைப்பாலும் சேர்த்துவைக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அடையாள அட்டைக்குச் சிக்கல். பிந்திய பிறப்புப் பதிவுக்குப் போனால் வேறு அத்தாட்சிகள் கேட்பார்கள். தெமோதரையில் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையுமே, அந்த மாதிரி. ரயிலாவது மறுபக்கம் வெளியே வந்துவிடும்.

பாடசாலையில் இருக்கும் பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்துவார். பாடசாலையை விட்ட கிராமத்துப் பிள்ளைக்குக் கிராம உத்தியோகத்தர். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்ட அத்தியட்சகர், அதாவது இன்றைக்கும் பெரியதொரைதான்.